பெறுபவனின் தீர்ப்பு

நல்லது செய்பவனைப் பற்றி ஒழுக்கவியல் ஏராளமாகப் பேசியிருக்கிறது. அவனுடைய எண்ணம் தூயதா, பலனை எதிர்பார்த்தானா, கடமை என்று செய்தானா, கருணையால் செய்தானா என்றெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்தாகிவிட்டது. கான்ட்டுக்கு நிபந்தனையில்லாமல் நல்லது என்று சொல்லத்தக்கது நல்லெண்ணம் ஒன்றுதான். பயன்வாதிகள் எண்ணத்தைத் தள்ளிவிட்டு விளைவைக் கணக்கிட்டார்கள். ஆனால் கணக்குப் போடும் நாற்காலியில் அவர்களும் செய்பவனையோ, அவனுக்குப் பின்னால் நிற்கும் ஒரு பொதுப் பார்வையாளனையோதான் உட்கார்த்தினார்கள். நல்லது யாருக்குச் செய்யப்பட்டதோ அவன் இந்தச் சிந்தனைகளில் பெரும்பாலும் ஒரு பொருளாகக் கிடக்கிறான். அவனை யாரும் கேட்பதில்லை. நன்றி சொல்வதற்கு மட்டும் அவனுக்கு வாய் உண்டு.

இந்த ஏற்பாட்டை மாற்றிப் போட்ட ஒரு சிந்தனை தத்துவ வகுப்பிலிருந்து வரவில்லை. நர்ஸ்களுக்குப் பாடத்திட்டம் வகுக்க உட்கார்ந்தவர்களிடமிருந்து வந்தது. இடம் நியூசிலாந்து, காலம் 1980களின் பிற்பகுதி. அதை வகுத்துச் சொன்னவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிப் பெண். நர்ஸாக இருந்து பின்பு நர்ஸ்களுக்கு ஆசிரியையானவர். 1946இல் பிறந்து 2003இல் இறந்தார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு வெல்லிங்டனிலுள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேடு இந்தச் சிந்தனையின் வரலாறாகவும் அவருடைய சொந்த வரலாறாகவும் ஒருங்கே அமைந்திருக்கிறது. அவர் தந்த பெயர் ‘கலாச்சாரப் பாதுகாப்பு’. மாவோரி மொழியில் ‘காவா ஃபகாருருஹாவ்’. கேட்டதும் பழம்பெருமையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றும் காரியம் என்று தோன்றும். அப்படி இல்லை. கலாச்சாரத்தைப் பாதுகாப்பதல்ல இதன் பொருள். படுக்கையில் கிடப்பவனை, அவனைக் கவனிக்க வருபவரின் கலாச்சாரத்திடமிருந்து பாதுகாப்பது.

சொல் பிறந்த விதம் எளிமையானது. 1988இல் கிரைஸ்ட்சர்ச்சில் நடந்த ஒரு மாவோரி நர்ஸிங் கூட்டத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள். சட்டப் பாதுகாப்பு பற்றிச் சொல்கிறீர்கள், தொழில்தர்மம் பற்றியும் சிகிச்சை முறை பற்றியும் சொல்கிறீர்கள், கலாச்சாரத்தில் பாதுகாப்பு என்று ஒன்று வேண்டாமா என்று. அவள் மரியாதை என்று சொல்லவில்லை, அன்பு என்று சொல்லவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரியாதையும் அன்பும் கொடுப்பவனின் உபயம். கொடுத்தாலும் கொடுக்கலாம், விட்டாலும் விடலாம். பாதுகாப்பு அப்படியல்ல. பாலம் இடிந்து விழக்கூடாது, ஊசி சுத்தமாக இருக்கவேண்டும் என்பது போன்ற ஒரு குறைந்தபட்சக் கோரிக்கை அது. அதை மறுத்துவிட்டு நல்லவனாக இருக்க முடியாது.

ஆனால் பாலத்தின் பாதுகாப்பைப் பொறியாளர் சொல்கிறார். ஊசியின் சுத்தத்தை மருத்துவம் சொல்கிறது. இந்தப் பாதுகாப்பை யார் சொல்வது? ராம்ஸ்டனின் பதில்தான் இதில் உயிர்நாடி: கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா இல்லையா என்பதை அதைப் பெற்றவரே தீர்மானிக்கிறார். 1992இல் நியூசிலாந்து நர்ஸிங் கவுன்சில் இதை ஏற்று நர்ஸ்களின் பயிற்சியில் கட்டாயமாக்கியது. ஒரு தொழில், தன் நல்லெண்ணத்துக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளும் உரிமையைத் தன் விதிகளிலேயே விட்டுக்கொடுத்தது. இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. காரணம் தர்க்கபூர்வமானதும்கூட. இங்கே ஆபத்து வருவதே நிபுணரிடமிருந்து. பரீட்சை எழுதுபவனே விடைத்தாளைத் திருத்தவும் முடியாது.

நர்ஸிங் தொழிலின் பழைய லட்சியம் இதற்கு நேர் எதிரானது. இனம், நிறம், மதம், அந்தஸ்து எதையும் பாராமல் சேவை செய்யவேண்டும் என்பது அது. உயர்ந்த லட்சியமாகத்தான் தோன்றுகிறது. ராம்ஸ்டன் இதைத்தான் முதலில் கைவைத்தார். அவற்றைப் பாராமல் அல்ல, அவற்றையெல்லாம் கருத்தில் கொண்டே கவனிக்கவேண்டும் என்றார். ஆங்கிலத்தில் ஒரு விகுதி மாற்றத்தால் அவர் இதைச் சொன்னார். தமிழில் அந்த வேலையை மொழி நமக்கு முன்பே செய்து வைத்திருக்கிறது. நோயாளியைக் கவனிப்பதை நாம் ‘பார்த்துக்கொள்வது’ என்கிறோம். ஜாதி மதம் ‘பாராமல்’ என்பதும் அதே வினைதான். பாராமல் பார்த்துக்கொள்வது எப்படி? ஒருவனிடம் எதையெல்லாம் பார்க்கக்கூடாது என்று விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஓர் உடல். அந்த உடலுக்கும் ஏற்கனவே ஒரு மாதிரி இருக்கிறது, பார்ப்பவனின் உடல். சமத்துவம் என்ற பெயரில் எல்லோரையும் தன்னைப் போல நடத்துகிறான் அவன். தன்னைப் போல் இல்லாதவனுக்கு அது சமத்துவமாக இருப்பதில்லை.

சில விவரங்களைச் சொன்னால்தான் இது புலப்படும். மாவோரிகளுக்குத் தலை ‘டாப்பு’, விலக்கும் புனிதமும் கலந்த ஒரு நிலை. தலைக்கு வைக்கும் தலையணையைக் காலுக்கோ இடுப்புக்கோ முட்டுக்கொடுக்கக்கூடாது, அதன்மேல் உட்காரக்கூடாது. உடல் கழிவோடு தொடர்புள்ள எதுவும் உணவோடு தொடர்புள்ள எதையும் தொடக்கூடாது. சாப்பாட்டு மேஜைமேல் மூத்திரக் குடுவையை ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுக்கும் நர்ஸ், சுகாதார விதியின்படி அதை எவ்வளவு துடைத்திருந்தாலும், அந்த மனிதனின் உலகத்தில் ஓர் ஒழுங்கைக் குலைத்துவிட்டுப் போகிறாள். இன்னொன்று, ‘ஃபெனுவா’ என்ற சொல். அதற்கு நஞ்சுக்கொடி என்று பொருள். நிலம் என்றும் பொருள். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை மூதாதையர் நிலத்தில் புதைப்பார்கள். ஒரு ஃபெனுவா இன்னொரு ஃபெனுவாவுக்குத் திரும்புகிறது. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறிய காலத்தில் அது மருத்துவக் கழிவோடு சேர்ந்து எரியூட்டப்பட்டது. யாரும் துவேஷத்தால் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்கு அது கழிவு, அவ்வளவுதான். நிலத்தைப் பறிகொடுத்த ஒரு ஜனத்துக்கு அந்தச் செய்கை வேறொரு வாக்கியமாகக் கேட்டிருக்கும் என்பதைக் கேட்கும் காது அங்கே இல்லை.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஓர் ஆசை எழும். நம் ஊரிலும் கன்று ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிறார்களே, நமக்கு இதெல்லாம் புரியும் என்று. இந்தப் ‘புரியும்’தான் சந்தேகத்துக்குரியது. ஒற்றுமை கண்டுபிடித்த திருப்தியில் மற்றவனுடைய வேற்றுமை நம் கைக்குள் மடங்கிவிடுகிறது. அறிவது ஒருவகை உடைமையாக்கிக்கொள்வதும்தான்.

ராம்ஸ்டன் மிகக் கடுமையாக இருந்தது இந்த விஷயத்தில். அமெரிக்காவில் மாடலீன் லைனிங்கர் என்பவர், நர்ஸாகவும் மானுடவியலாளராகவும் இருந்தவர், பல்வேறு கலாச்சாரங்களைப் படித்தறிந்து அதற்கேற்பக் கவனிக்கும் ஒரு நர்ஸிங் கோட்பாட்டை முன்பே உருவாக்கியிருந்தார். நல்ல காரியம்தானே என்று தோன்றும். ராம்ஸ்டன் அதிலிருந்து விலகி நின்றார். அந்த முறையில் நர்ஸ் பார்ப்பவளாகவே இருக்கிறாள், நோயாளி பார்க்கப்படுபவனாகவே இருக்கிறான். கலாச்சாரம் என்பது அவனிடம் இருக்கும் ஒரு விசேஷ வஸ்து. அவளிடம் இருப்பது வெறும் நடைமுறை. போதாக்குறைக்கு, ஆதிக்கத்துக்கு உட்பட்ட ஜனங்களில் பலருக்கு அவர்களுடைய வழக்கங்களே பறிபோயிருக்கின்றன. நகரத்தில் பிறந்து மொழியும் தெரியாமல் வளர்ந்த ஒரு மாவோரி இளைஞனிடம், புத்தகத்தில் படித்துவிட்டு வந்த வெள்ளைக்கார நர்ஸ், உங்கள் பிரார்த்தனையைச் சொல்லவில்லையா என்று கேட்டால் என்ன ஆகும்? அவன் இழந்ததை அவள் வைத்திருக்கிறாள் என்று ஆகும். நல்லெண்ணத்தின் கையால் ஓர் அவமானம்.

எனவே பாடத்தின் திசையையே அவர் திருப்பினார். நர்ஸ் படிக்கவேண்டியது மாவோரியை அல்ல, தன்னை. தன் நாடு எப்படித் தன் கைக்கு வந்தது என்பதை. 1840இல் வைட்டாங்கியில் கையெழுத்தான உடன்படிக்கையின் ஆங்கிலப் பிரதி ஒன்றைச் சொல்ல மாவோரிப் பிரதி வேறொன்றைச் சொல்வதை. 1907இல் ஒரு சட்டம் மாவோரி மருத்துவர்களான ‘டொஹுங்கா’க்களின் தொழிலைக் குற்றமாக்கியதையும், 1962 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்ததையும். தன் சீருடை, தன் குரல், ‘நாங்கள் இங்கே இப்படித்தான் செய்வோம்’ என்ற வாக்கியம் எல்லாம் படுக்கையில் இருப்பவனுக்கு எப்படித் தெரிகின்றன என்பதை. பிரக்ஞை, நுண்ணுணர்வு, அதன்பின் பாதுகாப்பு என்று மூன்று படிகள் வைத்தார். முதல் இரண்டும் நர்ஸினுடையவை. மூன்றாவது அவள் கையில் இல்லை.

இதற்கு எழும் ஆட்சேபங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதலாவது, திறமையைப் பற்றியது. குடல்வால் வெடித்துக் கிடப்பவனுக்கு வேண்டியது சர்ஜன். அவனுடைய மரபுகளைப் பற்றிய பிரக்ஞை பிறகு வரலாம் என்பார்கள். இதற்கு பதிலாக ஒரு மரணத்தை வைக்கிறேன். 2008 செப்டம்பரில் கனடாவின் வின்னிபெக் நகரில், பிரையன் சின்க்ளேர் என்ற பூர்வகுடி மனிதர், வயது 45, சக்கர நாற்காலியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். இரண்டு கால்களும் இல்லாதவர். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்த கடிதமும் கையிலிருந்தது. 34 மணி நேரம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்தார். அங்கே காத்திருந்த மற்றவர்கள் ஊழியர்களிடம் போய்ச் சொன்னார்கள். இறந்துவிட்டார் என்று கண்டபோது உடல் விறைத்திருந்தது. குடித்துவிட்டுக் கிடக்கிறார், போக இடமில்லாமல் வந்திருக்கிறார் என்று ஆளுக்கொன்றாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். குழாயை மாற்றியிருந்தால், நோய்க்கிருமிக்கு மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். திறமை சில அடி தூரத்தில், கதவுக்கு அப்பால் இருந்தது. அது அவரிடம் வந்து சேரவில்லை. ஏனென்றால் அவரை யாரும் நோயாளியாகப் பார்க்கவில்லை. பார்வை திறமைக்கு மேல் பூசும் மெருகு அல்ல. திறமை தொடங்கும் இடம். 2014இல் வந்த விசாரணை அறிக்கை 63 பரிந்துரைகளைச் செய்தது. பூர்வகுடிகள் மருத்துவத்தில் பொதுவாக எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற கேள்வியை விசாரணைக்குள் கொண்டுவர நீதிபதி இசையாததால் குடும்பத்தினர் ஏற்கனவே வெளியேறியிருந்தார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட நுட்பமானது. பெறுபவன் தவறாகத் தீர்மானிக்கலாமே? அவனுடைய சமூகத்துக்குள்ளும் ஆதிக்கம் உண்டே? 1907 சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டுவந்த ஜேம்ஸ் கரோல் தாய்வழியில் மாவோரி. மாவோரிகளில் முதல் டாக்டராகக் கருதப்படும் மாவுயி போமாரே அதை ஆதரித்தார். தொற்றுநோயில் தன் ஜனங்கள் மடிவதைக் கண்டவர் அவர். எந்த மாவோரி தீர்மானிப்பது? நல்ல கேள்வி. ஆனால் ராம்ஸ்டனின் வாக்கியத்தைக் கவனமாகப் படிக்கவேண்டும். தீர்மானிப்பது கலாச்சாரம் என்று அவர் சொல்லவில்லை. சமூகத்தின் தலைவர் என்றும் சொல்லவில்லை. இந்தப் படுக்கையில் இருக்கும் இந்த ஆள். கலாச்சாரம் என்பதையும் அவர் இனத்தோடு நிறுத்தவில்லை. வயது, பால், வர்க்கம், தொழில், பாலியல் நாட்டம் எல்லாம் அதில் அடக்கம். தன் குலத்தின் வழக்கத்தை விட்டு விலகி நிற்கும் மாவோரிப் பெண்ணுக்கு, அப்படி விலகி நிற்பதும் பாதுகாக்கப்படவேண்டிய நிலைதான்.

பாதுகாப்பு வேறு, திருப்தி வேறு. நோயாளியின் மனம் குளிர நடப்பது அல்ல இது. வலிக்கும் ஊசியைப் போடலாம், கேட்டதை மறுக்கலாம். அப்போதும் அவன், எனக்கு வலித்தது, ஆனால் நான் நானாகவே இருக்க முடிந்தது என்று சொல்ல முடியும். மறுபக்கம், சிரித்த முகத்தோடு எல்லாம் செய்து கொடுத்து, அவனைச் சிறுபிள்ளையாக்கிவிட்டும் போகலாம்.

எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிந்தனை அவ்வளவு அந்நியமாக இருக்கக்கூடாது. நான் இப்படி நினைத்துத்தான் எழுதினேன் என்று கவிஞன் வந்து நின்றால் நாம் காது கொடுப்பதில்லை. கவிதை பக்கத்தில் இருக்கிறது. அதில் என்ன நிகழ்ந்தது என்பதை வாசிப்பு சொல்லும். நினைப்பு கவிதைக்குச் சாட்சியாகாது என்பதை இலக்கியத்தில் ஒப்புக்கொண்ட நாம், வாழ்க்கையில் மட்டும் ‘நான் நல்லதுதானே நினைத்தேன்’ என்பதை இறுதிச் சாட்சியாக வைத்துக்கொண்டிருக்கிறோம். செய்கையும் ஒரு பிரதிதான். அதைச் செய்தவன் அதன் வாசகன் அல்ல. இந்த ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. அந்த முறிவுதான் முக்கியம். கவிதை தன் வாசகனுக்காக ஐம்பது வருஷம் காத்திருக்கும். நோயாளி 34 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க முடியவில்லை. தவிர, கவிஞனுக்கு வாசகன்மேல் அதிகாரம் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் போகலாம். படுக்கையிலிருப்பவன் எதை மூடிவிட்டு எங்கே போவது?

இங்கேதான் ராம்ஸ்டனின் சிந்தனையிலுள்ள உண்மையான கஷ்டம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெறுபவன் தீர்மானிக்கிறான் என்றால், அவன் வாய் திறக்கவேண்டும். தலைமுறைகளாகக் கேட்காத காதுகளுக்கு முன்னால் எவன் வாய் திறப்பான்? எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவான். கொஞ்சமாக எதிர்பார்க்கப் பழக்கப்பட்டவனின் திருப்தி எதற்குச் சான்று? சின்க்ளேர் எதுவும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கும் இடத்துக்கே அவர் வந்து சேரவில்லை.

வாய் திறந்தவள் ஒருத்தி. 2020 செப்டம்பர் 28 அன்று கியூபெக்கிலுள்ள ஜோலியட் ஆஸ்பத்திரியில் ஜாய்ஸ் எச்சக்குவான் என்ற அட்டிகமெக் பெண், 37 வயது, ஏழு குழந்தைகளின் தாய், படுக்கையிலிருந்தபடி தன் போனில் ஃபேஸ்புக் வழியாக நேரடியாக ஒளிபரப்பினாள். அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அவளை முட்டாள் என்று ஏசுவதும், செத்தால் தேவலை என்று சொல்வதும் அதில் கேட்டது. அன்றே இறந்தாள். மரண விசாரணை அதிகாரி 2021இல், இனத்துவேஷமும் முன்முடிவுகளும் அந்த மரணத்துக்கு ஒரு பங்கு காரணம் என்று எழுதினார். போதைப் பழக்கக்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளுடைய தீர்ப்பை அவள் சொன்னாள். ஆனால் ஆஸ்பத்திரியிடம் சொல்லவில்லை. அதன் தலைக்குமேல், வெளியே இருந்தவர்களிடம் சொன்னாள். தன்னைப் பார்த்துக்கொள்பவர்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பதும் அந்தத் தீர்ப்பின் பகுதிதான்.

பின்னால் நடந்தது யோசிக்கத்தக்கது. அட்டிகமெக் மக்கள் அவள் பெயரால் ‘ஜாய்ஸ் கொள்கை’ என்று ஒன்றை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் கியூபெக் சட்டமன்றம் மருத்துவத்துறையில் கலாச்சாரப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றியது. தங்களை உரியபடி கலக்கவில்லை, தாங்கள் கேட்டது இதுவல்ல என்று பூர்வகுடித் தலைவர்கள் எதிர்த்தார்கள். பெறுபவனே தீர்மானிக்கிறான் என்ற கருத்தைக் கொடுப்பவனே எழுதி நிறைவேற்றிக்கொண்டான். நியூசிலாந்திலும் இதன் சாயல் உண்டு. 1993 முதல் பத்திரிகைகள் இந்தப் பாடத்தை அரசியல் மூளைச்சலவை என்று தாக்கின. 1995இல் பாராளுமன்றக் குழு விசாரித்தது. கருத்து தப்பியது. ஆனால் ராம்ஸ்டன் இறந்த அதே 2003இல் வந்த சட்டம் மருத்துவத் தொழிலாளர்களிடம் கேட்டது ‘கலாச்சாரத் தகுதி’யை. தகுதி என்பது திரும்பவும் கொடுப்பவனின் சொத்து. சான்றிதழில் அச்சிடலாம், சுவரில் மாட்டலாம். அந்நாட்டு மெடிக்கல் கவுன்சில் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு 2019இல்தான் வந்து சேர்ந்தது. இன்று பிரசவ அறையில் நஞ்சுக்கொடியை என்ன செய்ய என்று கேட்பது வழக்கமாகியிருக்கிறது. கேட்பதும் ஒரு படிவத்தின் வரியாக, குறிபோட்டுக் கடந்துபோகும் கட்டமாக ஆகிவிடக்கூடும். எந்தச் சொல்லுக்கும் நிறுவனம் கொடுக்கும் கதி இதுதான்.

அப்படியானால் மிஞ்சுவது என்ன? ‘பெறுபவன் தீர்மானிக்கிறான்’ என்பதைக் கருத்துக்கணிப்பு முறையாகப் படித்தால் அது தோற்றுவிடும் என்பதே. அதை, செய்பவன் தன்மேல் போட்டுக்கொள்ளும் ஒரு தடையாகப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். தீர்ப்பு என்னுடையதல்ல என்று அறிந்து செய்வது; தீர்ப்பு வரும்வரை தன்னை நல்லவன் என்று எண்ணிக்கொள்ளும் சௌகரியத்தைத் தள்ளிப்போடுவது; அது வரவே வராமல் போனால், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது. மற்றவன் பேசக்கூடிய இடத்தை உண்டாக்குவது செய்பவனின் வேலை. அங்கே அவன் என்ன பேசவேண்டும் என்பது அல்ல. பார்த்துக்கொள்பவன் தானும் பார்க்கப்படச் சம்மதிக்கவேண்டும். சுகமான காரியமல்ல இது. நல்லெண்ணம் இவ்வளவு காலமும் நமக்குக் கொடுத்துவந்த நிம்மதியை இது எடுத்துக்கொள்கிறது. அந்த நிம்மதிக்கு யார் விலை கொடுத்து வந்தார்கள் என்பதை வின்னிபெக்கின் அந்தக் காத்திருப்புக் கூடம் சொல்லும்.